நஞ்சில்லாத் திட்டு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் செல்லத்துக்கு இரண்டு வேஷம். விருந்தாளிகள் படகில் ஏறும்வரை அவள் முத்தையன் பெண்டாட்டி. ஏறிய பிறகு ‘பாரம்பரிய வேளாண் பெண்மணி’. இந்தப் பட்டத்தைச் சூட்டியவன் தமிழ்வேந்தன். காரைக்காலில் சுற்றுலாத் தொழில் செய்கிற பையன். முப்பது வயதுகூட ஆகவில்லை, வாயைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீரை ஆற்றங்கரையிலேயே விற்றுவிட்டு வருவான். வாரம் தவறாமல் சென்னை, புதுச்சேரி, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்களைத் திரட்டிக்கொண்டு ஒதியந்திட்டுக்கு வருவான். காலையில் வந்து விவசாயி வாழ்க்கையை வாழ்ந்து பார்த்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். விவசாயிக்குத்தான் அந்த வசதி கிடையாது.

ஒதியந்திட்டு என்பது திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே, ஆறு கடலில் விழுமுன் இரண்டாகப் பிரிந்து நடுவில் விட்டுப்போன மண். படகை விட்டால் வேறு வழி இல்லை. சுனாமிக்கு முன்னால் முப்பது குடித்தனம் இருந்தது. கடல் ஏறி இறங்கிய பிறகு வயலெல்லாம் உப்புப் பூத்துப்போனது. அரசாங்கம் கரையில் வீடு கட்டிக் கொடுத்தது. ஜனங்கள் போய்விட்டார்கள், போனதுதான் புத்திசாலித்தனம். முத்தையனுக்கு அந்தப் புத்தி இல்லை. உப்பு மண்ணிலும் தலை நிமிர்ந்து நிற்கிற உவர்சம்பா என்று ஒரு சிவப்பு நெல் அவன் கையில் இருந்தது. அதை நம்பித் திரும்பி வந்தான். தாலி கட்டிக்கொண்ட பாவத்துக்குச் செல்லமும் வந்தாள்.

தமிழ்வேந்தன் கண்ணில் அவர்கள் பட்டது நல்லதற்கா கெட்டதற்கா என்று செல்லம் பலமுறை யோசித்திருக்கிறாள். அவன் வந்த பிறகுதான் அடுப்பு தினமும் எரிந்தது, அது உண்மை. குளத்தங்கரையில் விருந்தாளிகளுக்கென்று ஒரு குட்டிச் சேற்றுப் பாத்தி போட்டான். ஞாயிறுதோறும் அதில் நாற்று நடுவார்கள், குலவை போடச் சொல்லிப் படம் எடுப்பார்கள். அவர்கள் போனதும் செல்லம் அத்தனையையும் பிடுங்கிக் கட்டித் தண்ணீரில் வைப்பாள். அடுத்த ஞாயிறு அதே நாற்றை வேறு யாராவது நடுவார்கள். மூன்றாவது வாரம் நாற்று மஞ்சளாகிச் செத்துப்போகும். வாழ்ந்தது போதும் என்று அதற்கே தோன்றிவிடும் போலிருக்கிறது.

படகுத்துறையில் ஒரு பலகை. ‘நஞ்சில்லாத் திட்டு உங்களை வரவேற்கிறது.’ அதன் கீழே நின்று முத்தையன் பேசுவான். முதலில் வெட்கப்பட்டவன்தான், பிறகு பேச்சில் ருசி கண்டுவிட்டான். “இந்த மண்ணுல மருந்து வாசமே கெடையாதுங்க. வேப்பிலை, சாணி, சாம்பல். அம்புட்டுதாங்க நமக்குத் தெரிஞ்ச வைத்தியம்” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னான். அந்தப் பேச்சு வந்தால் செல்லம் சமையல் கொட்டகைக்குள் போய்விடுவாள்.

ஏனென்றால் போன வருஷம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். விதை நெல்லை வேப்பிலையும் நொச்சியும் போட்டு, வைக்கோல் பிரி சுற்றி, மண் பூசி கோட்டையாகக் கட்டித்தான் வைத்தான். விதைக்கிற நேரத்தில் பிரித்துப் பார்த்தால் உள்ளே அந்துப்பூச்சி புகை மாதிரி எழும்பிற்று. நெல் இருக்க வேண்டிய இடத்தில் உமி. அன்றைக்கு முத்தையன் வாய்விட்டு அழுதான். பொறுக்கி எடுத்த கொஞ்சத்தை ஒரு மூலையில் விதைத்து, குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் காப்பாற்றி, இந்த வருஷம் இரண்டு கோட்டை விதை சேர்ந்தது. அதுவும் போனால் உவர்சம்பா என்கிற பெயரே இருக்காது. அது இல்லாமல் திட்டில் இருப்பதற்கு நியாயமும் இருக்காது.

மாசி மாதம் அவன் கரைக்குப் போயிருந்த ஒரு நாள், செல்லம் தன் அக்கா வீட்டில் பருத்திக்கு அடித்து மிச்சமிருந்த மருந்தை வாங்கி வந்து விதை நெல்லில் கலந்து காயவைத்தாள். மருந்து வாடை தெரியாமலிருக்க மேலே வேப்பிலையைப் பரப்பினாள். அவன் வந்து, சந்தோஷமாகக் கோட்டை கட்டினான். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. விதைதானே, மண்ணுக்குப் போகிற பொருள், வாய்க்கா போகப்போகிறது என்று நினைத்தாள். விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுகிறவன் டெல்டாவில் இன்னும் பிறக்கவில்லை என்றும் நினைத்தாள்.

போன ஞாயிறு வந்த விருந்தாளி ஒருவர் சும்மா இருக்கவில்லை. சமையல் கொட்டகைக்குப் பின்னால் பட்டினத்துக் கடைப் பெயர் அச்சடித்த அரிசிச் சாக்கைப் பார்த்துவிட்டார். படம் எடுத்து, ‘தீவு அரிசி என்று கடை அரிசியைப் போட்டு ஏமாற்றுகிறார்கள்’ என்று ஊரெல்லாம் பார்க்கும்படி போட்டுவிட்டார். கடையில் வாங்கிக் கொடுத்தவன் தமிழ்வேந்தன். ஆனால் போனில் கத்தியதும் அவன்தான். முத்தையன் கேட்டுக்கொண்டான். போனை வைத்தபின் செல்லத்திடம், “அரிசி வாங்குனது அவன், திருட்டுப்பய பட்டம் எனக்கு” என்றான். அந்த வாரம் முழுக்க அவன் முகம் சரியில்லை.

இந்த ஞாயிறு விடிகிற நேரம் செல்லம் படகோட்டி கபீரோடு அவன் படகில் கரைக்குப் போனாள். குடிதண்ணீர், காய்கறி, வாழையிலை எல்லாம் அங்கிருந்துதான் வரவேண்டும். பட்டினத்துக் கடைத்தெருவில் வாங்க வேண்டியதை வாங்கி, தமிழ்வேந்தன் வேனில் கூட்டிவந்த விருந்தாளிகளோடு படகில் திரும்பினாள். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினெட்டுப் பேர். கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா படகிலேயே அவளிடம், “நீங்க ரொம்பக் குடுத்து வச்சவங்க” என்றார். செல்லம் சிரித்துவைத்தாள்.

திட்டில் இறங்கியபோது உரல் பக்கத்தில் சிவப்பரிசி குத்திப் புடைத்துக் குவித்திருந்தது. முத்தையன் வேர்த்து விறுவிறுத்து நின்றான், ஆனால் முகத்தில் ஒரு வாரமாகக் காணாத தெளிவு. தமிழ்வேந்தன் இந்தத் தடவை உஷாராகிச் சாக்கில்லாமல் நெல் வாங்கி அனுப்பியிருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கேட்க நேரமில்லை, பதினெட்டு வயிறு. விருந்தாளிகள் கடைசி இரண்டு கை நெல்லை உலக்கை மாற்றி உலக்கை போட்டுக் குத்தினார்கள். ஒரு சின்னப் பெண் உலக்கையைத் தூக்க முடியாமல் கட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

செல்லம் அரிசியைக் களைந்தாள். லேசாக வேப்பிலை வாடை வந்தது. கடைக்காரனும் வேப்பிலை போட்டிருப்பான் என்று இன்னொரு தண்ணீர் விட்டுக் களைந்தாள். கழுநீரை வழக்கம்போல் மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். உலை கொதித்து, சோறு வெந்து, கஞ்சியைக் குண்டானில் வடித்து ஓரமாக வைத்தாள். சேற்றுப் பாத்தியிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. யாரோ சரியாகவே போட்டார்கள்.

ஒதிய மரத்தடியில் இலை போட்டாயிற்று. கூட்டு, பொரியல், ஊறுகாய் எல்லாம் இலையில் விழுந்தன. சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு செல்லம் கொட்டகையை விட்டு வந்தபோது முத்தையன் பேச எழுந்தான். சாப்பாட்டுக்கு முன்னால் அவன் பேசுவது நிகழ்ச்சியில் உள்ளதுதான்.

“போன வாரம் நம்மளப் பத்தி ஒருத்தர் தப்பா எழுதிட்டாருங்க. அவரு எழுதுனதுல தப்பில்ல. நாங்க போட்டது கடை அரிசிதான்.” தமிழ்வேந்தன் நெளிந்தான். முத்தையன் அவனைப் பார்க்கவே இல்லை. “ஆனா இன்னிக்கி நீங்க சாப்புடப்போறது அது இல்லீங்க. எங்க உவர்சம்பா. விதைக்கின்னு வச்சிருந்த ரெண்டு கோட்டையில ஒரு கோட்டைய இன்னிக்கி விடியக்காலம் நானே பிரிச்சி, நானே குத்துனேன். விதை நெல்லத் தொடக்கூடாதும்பாங்க. பரவால்ல. ஒரு வேளையாவது பொய்யில்லாத சோறு போடணும்னு தோணிச்சி. மருந்து படாத நெல்லு. தைரியமா சாப்புடுங்க.”

கை தட்டினார்கள். டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்லம் நடந்தவள் நின்றாள். பானை கையில் கனத்தது. முதல் இலையில் அந்தச் சின்னப் பெண் உட்கார்ந்து, சோறு வரட்டும் என்று கையை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். ‘யாரும் சாப்பிடாதீங்க, நான் மருந்து கலந்திருக்கேன்.’ அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவள் முத்தையனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்று அவள் பார்த்ததில்லை. அந்த முகத்தின் முன்னால், பதினெட்டுப் பேர் முன்னால், உன் நெல்லில் விஷம் இருக்கிறது, வைத்தவள் உன் பெண்டாட்டி என்று எந்த வாயால் சொல்வாள்? சொன்ன மறுநிமிஷம் பலகையும் போகும், படகும் போகும், சோறும் போகும். அதெல்லாம்கூடப் பிறகுதான். அந்த மனுஷன் முகம் விழுந்துபோவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

காலை மடக்கினாள். பானையோடு சாய்ந்தாள். கொதிக்கிற சோறு மண்ணிலும் அவள் வலது காலிலும் கொட்டிற்று.

அடுத்த அரைமணி அவள் கையில் இல்லை. டீச்சரம்மா ஓடி வந்து காலைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் விசிறினார். “பாவம், வேலை அதிகம்” என்றார்கள். தமிழ்வேந்தன் பல்லைக் கடித்தபடி சிரித்து, எல்லோருக்கும் பட்டினத்திலிருந்து பிரியாணி வரும் என்று அறிவித்து, கபீரைப் படகோடு கரைக்கு விரட்டினான். ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டே வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றையே கொட்டி அவள் மறைத்துவிட்டாள்.

முத்தையன் மட்டும் சோறு கொட்டிய இடத்தில் குந்தியிருந்தான். மண்ணோடு ஒட்டிய சோற்றை மண்வெட்டியால் வாரிக் குழிக்குள் தள்ளினான். ஒரு வார்த்தை ஏசவில்லை. பக்கத்தில் வந்து, “ரொம்ப எரியுதா?” என்று கேட்டான்.

“இல்லங்க.”

“போவுது விடு. இன்னொரு கோட்டை இருக்குல்ல” என்றான். எழுந்து கொட்டகைப் பக்கம் போனான்.

வடித்த கஞ்சியைக் கொட்டிவிட வேண்டும் என்று செல்லத்துக்கு நினைவில்லாமல் இல்லை. விருந்தாளிகள் யாரும் அதைத் தொடப்போவதில்லை. முத்தையன் விருந்தாளிகள் சாப்பிடாமல் எந்த ஞாயிறும் வாயில் பருக்கை வைத்ததில்லை. இந்தக் கூட்டம் தன் காலை விட்டால் எழுந்துபோய் ஊற்றிவிடலாம் என்று இருந்தாள். டீச்சரம்மா கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து, குழந்தைக்குத் தடவுவதுபோல மெல்ல மெல்லத் தடவினார். பிடுங்கிக்கொண்டு ஓடினால் ஏனென்று கேட்பார்கள். அவள் பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள்.

ஒருவழியாக விட்டார்கள். நொண்டிக்கொண்டே பின்பக்கம் போனாள். முதலில் கண்ணில் பட்டது மாடு. கால் பரப்பி நின்றது, வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரையில் இறங்கியது. வயிறு துடித்தது. செல்லம் மாட்டைத் தாண்டிக் கொட்டகைக்குள் விழுந்தடித்து நுழைந்தாள். கஞ்சிக் குண்டான் கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் உப்புக் கிண்ணம், கடித்து வைத்த பச்சை மிளகாய்.

முத்தையன் கொட்டகைக்கு வெளியே தென்னை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்திருந்தது.

“கஞ்சிய என்ன பண்ணுனீங்க?”

“குடிச்சேன். சோறுதான் மண்ணுல போச்சு, கஞ்சியாவது வவுத்துக்குப் போவட்டும்னு. விதை நெல்லு கஞ்சி, கீழ ஊத்த மனசு வரல.” வாயைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்க எச்சில் ஊறியது. “கண்ணு என்னமோ மங்குது செல்லம். வெயில்ல குத்துனது ஒத்துக்கல போல.”

அப்போதுதான் அவள் கத்தினாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? மரத்தடிக்கு ஓடி, பதினெட்டுப் பேர் நடுவில் நின்று, நெல்லில் மருந்து, நான்தான் போட்டேன், அவர் கஞ்சி குடித்துவிட்டார், படகைக் கூப்பிடுங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒன்றாகப் புரிந்தது. சின்னப் பெண்ணின் அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடி, அதன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். “நாங்களும் அந்த நெல்லைக் குத்தினோமே” என்று ஒரு குரல். “அந்தத் தூசி மூக்குல போயிருக்குமே” என்று இன்னொன்று. டீச்சரம்மா தன் கையைப் பார்த்தார், செல்லத்தின் காலைப் பார்த்தார். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. உயிர் எல்லோருக்கும் வெல்லம்தான்.

தமிழ்வேந்தன் போனில் கபீரைப் பிடித்தான். ஆம்புலன்ஸுக்கும் சொன்னான். பிறகு செல்லத்தைத் தனியே இழுத்து, “அக்கா, ஆஸ்பத்திரில மருந்து கலந்த கதையெல்லாம் வேணாம். வேற என்னவாச்சும் சொல்லிக்கலாம்” என்றான்.

செல்லம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னமுமா தம்பி?” என்று மட்டும் கேட்டாள்.

படகு வரத் தாமதமாயிற்று. போனது பிரியாணி வாங்க, பாய் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கபீருக்குப் போன் கிடைத்தது. அவன் பொட்டலங்களை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். அவன் குற்றம் இதில் ஒன்றுமில்லை. படகை அனுப்பவைத்தது கவிழ்ந்த பானை, கவிழ்த்தது அவள். காத்திருந்த நேரமெல்லாம் முத்தையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் இதையே நினைத்தாள். அவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். கையும் தொடையும் தானாகத் துள்ளின. அதைப் பிடித்து அமுக்கினாள். அமுக்கினால் நின்றுவிடுமா?

படகு கரை தட்டியதும் விருந்தாளிகளில் நாலைந்து பேர் முந்திக்கொண்டு ஏறப் பார்த்தார்கள். கபீர் துடுப்பைக் குறுக்கே நீட்டினான். “அவரு மொதல்ல. நீங்கள்லாம் அடுத்த நடை.” அவன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. பின்வாங்கினார்கள். டீச்சரம்மாதான் முத்தையனின் கால்களைத் தூக்கிப் படகில் வைக்க உதவினார்.

படகு பாதி ஆற்றைத் தாண்டியிருக்கும். இயந்திரச் சத்தத்துக்கிடையில் முத்தையன் என்னவோ முனகினான். செல்லம் குனிந்து காதைக் கொடுத்தாள். மரத்தடியில் அவள் கத்தியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. அதை அவன் மெல்ல மெல்லக் கோத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“தெரிஞ்சிதான் கவுத்தியா?”

தடுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதையும் அவன் நம்பியிருப்பான். இருபத்தெட்டு வருஷமாக அவள் சொன்ன எதையும் அவன் நம்பாமல் இருந்ததில்லை.

“ஆமாங்க” என்றாள்.

“அவங்களுக்காவ.”

“ஆமாங்க.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல” என்றான்.

உங்கள் முகத்துக்காகத்தான் சொல்லவில்லை என்று அவளுக்குத் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லி இப்போது யாருக்கு என்ன ஆகப்போகிறது? அவன் வாயோரத்து நுரையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கபீர் திரும்பிப் பார்க்காமல் படகை ஓட்டினான். அதற்குமேல் முத்தையன் எதுவும் பேசவில்லை.

பட்டினத்துத் துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. இரண்டு பேர் தண்ணீரில் இறங்கி வந்து அவனைத் தூக்கிப் பலகையில் கிடத்தினார்கள். இளையவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான், விரலை மாற்றி வைத்துப் பார்த்தான், பிறகு மூத்தவன் முகத்தைப் பார்த்தான். மூத்தவன் செல்லத்தின் பக்கம் திரும்பினான்.

“என்னம்மா சாப்பிட்டாரு?”

தமிழ்வேந்தன் திட்டிலேயே இருந்தான். சொல்லிக்கொடுக்க யாருமில்லை.

“நான் வடிச்ச கஞ்சிங்க” என்றாள் செல்லம். “மருந்து போட்டதும் நான்தான்.”